வீட்டுத் தோட்டமும் வெற்று மாதங்களும்

வீட்டைச் சார்ந்த சிறு நிலத்தில் காயும் கனியும் பயிரிடுதல் இந்நாட்டு மக்களுக்குப் புதிய செய்தியன்று. கேரளத்தின் புரையிடம், அஸ்ஸாமின் பாரி, ஒடிசாவின் பாடி, தமிழகத்தின் புழைக்கடை எனப் பெயர்கள் வேறுபடினும் அமைப்பு ஒன்றே. வாழையும் முருங்கையும் எலுமிச்சையும் ஓரங்களில் நிற்க, அவற்றின் இடையே கீரையும் அவரையும் கிழங்கும் விளையும். அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் காய்கறிக் கழிவும் அங்கேயே எருவாக மாறும். குடும்பம் குளித்த நீர் வாழையின் வேருக்குச் சேரும். இவ்வழக்கம் பல இடங்களில் நலிந்துவிட்டமையால், அதனைப் புதுப்பிக்கும் முயற்சிகள் அரசினரால் அவ்வப்போது மேற்கொள்ளப்பட்டு வந்துள்ளன.

அம்முயற்சிகளின் வரலாறு நீண்டது. 1943-இல் 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் தொடங்கிற்று. அதனை ஆராய்ந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு, 1952-இல், அவ்வப்போது எழுந்து அடங்கும் இயக்கங்களால் நிலையான பயன் விளையாது என்று கண்டு, கிராமந்தோறும் நிலையாகப் பணிபுரியும் விரிவாக்க அமைப்பு ஒன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1953-இல் தேசிய விரிவாக்கப் பணி தோன்றியது அதன் பயனாகும். 1960-களில் செயல்முறை உணவூட்டத் திட்டத்தின் கீழ்ப் பள்ளித் தோட்டங்களும் மாதர் சங்கத் தோட்டங்களும் அமைக்கப்பட்டன. 1965-இல், உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது இல்லத்துப் புல்தரையை உழுது பயிரிட்டு வழிகாட்டினார். 2018-இல் போஷண் இயக்கமும், 2019-இல் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் அமைப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் வந்தன.

இத்துணை முயற்சிகளுக்குப் பின்னரும் ஒரு குறை நீங்காமல் இருந்து வருகிறது. வீட்டுத் தோட்டம் எப்பொழுதும் விதைக்கும் நாளிலேயே கணக்கிடப்படுகிறது. இத்தனை விதைப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன, இத்தனை பாத்திகள் அமைக்கப்பட்டன என்று பதிவேடு நிரம்புகிறது. அப்பாத்திகளில் மழை முடிந்து நான்கு மாதங்கள் சென்றபின் என்ன இருந்தது என்பதற்கு அப்பதிவேட்டில் இடமில்லை. மழைக்காலத்தில் கீரை விளைவிப்பது எளிது. அக்காலத்தில் அது சந்தையிலும் மலிவு. வேலியோரத்திலும் தானாகவே முளைக்கும். குடும்பத்திற்குத் தோட்டம் உண்மையில் தேவைப்படும் காலம், வேறெங்கும் காயும் கீரையும் கிடைக்காத காலமாகும். ஆதலின், வீட்டுத் தோட்டத்தைத் திட்டமிடுவோர் விதைப்பு மாதத்திலிருந்து தொடங்காமல், வெற்று மாதத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

தேவை எவ்வளவு?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை 50 கிராம், பிற காய்கள் 200 கிராம், கிழங்கு வகைகள் 50 கிராம், பழம் 100 கிராம் வேண்டும். கருவுற்ற பெண்களுக்குக் கீரை 100 கிராமாக இருத்தல் நலம். 2024-ஆம் ஆண்டின் வழிகாட்டி காய்கறிகளின் பங்கை மேலும் உயர்த்தியுள்ளது. பழைய அளவையே கொண்டாலும், ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு நாளொன்றுக்குக் கீரை கால் கிலோவும், பிற காய்கள் ஒரு கிலோவும், பழம் அரைக் கிலோவும் தேவையாகும்.

இத்தேவை ஆண்டின் 365 நாட்களுக்கும் உரியது. உடல் சில சத்துக்களைச் சேமித்து வைக்கும், சிலவற்றைச் சேமிக்காது. கரோட்டீனிலிருந்து கிடைக்கும் வைட்டமின் 'ஏ' ஈரலில் சில காலம் தங்கும். வைட்டமின் 'சி' அவ்வாறு நெடுநாள் தங்குவதில்லை. மழைக்காலத்தில் மிகுதியாக உண்ட கீரை சித்திரை மாதத்துக் குறையை ஈடுசெய்யாது.

2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேரும் இரத்தச் சோகை உடையவர்கள். கீரைத் தோட்டம் ஒன்றே இந்நோயைப் போக்கிவிடும் என்று கூறுதல் தவறு. கீரையிலுள்ள இரும்புச் சத்தில் சிறு பகுதியே உடலில் சேரும். நோயுற்றவருக்கு இரும்பு மாத்திரையும் மருத்துவரின் கவனிப்பும் தேவை. எனினும், கீரையுடன் கொய்யாவோ எலுமிச்சையோ நெல்லியோ உண்டால், அவற்றிலுள்ள வைட்டமின் 'சி' இரும்புச் சத்து உடலில் சேர்வதற்குத் துணை செய்கிறது. காய்த் தோட்டமும் கனி மரமும் ஒரே வேலிக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு காரணமாகும்.

வெற்று மாதம் எது?

வெற்று மாதம் நாடெங்கும் ஒன்றன்று. தக்காணத்திலும் தமிழகச் சமவெளியிலும் சோட்டா நாகபுரி மேட்டு நிலத்திலும் அது கோடைகாலம். பிரம்மபுத்திரா சமவெளியில் குளிர்காலமே காய்கறிக் காலம். பெருமழை பெய்து பாத்திகள் நீரில் மூழ்கும் மாதங்களே அங்கு வெற்று மாதங்கள். லடாக்கில் நிலம் உறைந்து கிடக்கும் நீண்ட குளிர்காலம் அத்தன்மையது. மேற்கு ராஜஸ்தானத்தில், மழை பொய்த்துவிட்டால், ஆண்டின் பெரும்பகுதியே வெற்று மாதங்களாகிவிடும்.

இடத்திற்கேற்ப மாற்றும் வேறுபடுகிறது. லே நகரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நிலையம், நிலத்தில் நீண்ட பள்ளம் தோண்டி, அதன்மேல் பாலிதீன் தாள் விரித்து, பகல் வெயிலின் வெப்பத்தைத் தேக்கிக் குளிர்காலத்திலும் கீரை வளர்க்கும் முறையைப் பரப்பியுள்ளது. அஸ்ஸாமில் மேடாக்கிய பாத்தியும், ஈரத்தைத் தாங்கும் சேம்பும் வள்ளைக்கீரையும் கைகொடுக்கும். ராஜஸ்தான மக்கள் வன்னி மரத்தின் இளங்காயான சாங்ரியையும், கேர் என்னும் முட்புதரின் காயையும் பருவத்தில் பறித்து உலர்த்தி, ஆண்டு முழுவதும் சமைத்து உண்கின்றனர். ஆழ வேரோடும் இலந்தை அங்கு நீர் பாய்ச்சாமலே காய்க்கும்.

இவற்றிலிருந்து பெறத்தக்க பாடம் யாதெனில், தலைநகரில் தயாரான ஒரே வகைப் பொட்டலம் நாடு முழுவதற்கும் பொருந்தாது என்பதே. கிராமத்தில் புதிதாகப் பணியேற்கும் ஊழியர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'இங்கு எந்த மாதத்தில் குழம்புக்குக் காய் கிடைப்பதில்லை?' என்பதாகும். இதற்கு நிலஅளவைப் படமோ மழை அட்டவணையோ விடை தாராது. அடுக்களையில் உள்ள பெண்மணியே விடை தருவார்.

தண்ணீரின் கணக்கு

கோடையே வெற்று மாதமாக உள்ள இடங்களில் தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது நிலமன்று, தண்ணீராகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர். கடுங்கோடையில் பாத்தி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் எனக் கொள்ளலாம். அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்தில் குளிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் ஒருவருக்கு 20 லிட்டர் கழிவுநீர் கிடைப்பின், நாளொன்றுக்கு 100 லிட்டர் ஆகிறது. அது 20 சதுர மீட்டர் பரப்பிற்குப் போதும். ஒரு சென்ட் என்பது சற்றேறக்குறைய 40 சதுர மீட்டர். ஆகவே கோடைத் தோட்டத்தின் அளவு அரை சென்ட்.

இவ்வளவு சிறிய நிலத்தால் என்ன பயன் என்று எண்ணலாம். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் வெப்பத்தைத் தாங்குபவை. விதைத்த நான்கு வாரங்களில் பறிக்கத்தக்கவை. எருவிட்ட மண்ணில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை எதிர்பார்க்கலாம். எட்டு சதுர மீட்டரை நான்கு பாத்திகளாகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு பாத்தி வீதம் விதைத்து வந்தால், ஐந்தாவது வாரத்திலிருந்து வாரந்தோறும் இரண்டு கிலோ கீரை கிடைக்கும். குடும்பத்தின் கீரைத் தேவை இதனால் முற்றும் நிறைவேறும். எஞ்சிய பன்னிரண்டு சதுர மீட்டரில் கத்தரி, கொத்தவரை, பந்தலில் ஏற்றிய கோவை ஆகியவற்றிற்கு இடமுண்டு.

மழைக்காலத்தில் ஐந்து சென்ட் பயிரிடும் குடும்பமும் கோடையில் அரை சென்ட்டைக் காப்பாற்றினால் போதும். ஐந்து சென்ட்டையும் காப்பாற்ற முயன்று, பாதியில் அனைத்தையும் கைவிடுவதே பெரும்பாலான இடங்களில் நிகழ்கிறது. கோடைப் பாத்தி குளிக்கும் இடத்திற்கு அருகில் அமைய வேண்டும். குடம் சுமந்து நெடுந்தொலைவு நடக்க வேண்டிய தோட்டம் நிலைப்பதில்லை. சலவைத் தூள் கலந்த நீரைக் கீரைக்கு விடாமல், வாழைக்கும் கல்வாழைக்கும் விடுதல் நன்று. காய்ந்த இலையையும் வைக்கோலையும் மண்ணின்மீது பரப்பினால் நீர் ஆவியாதல் குறையும். சுடுமண் பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி, அதனைச் சுற்றிப் பூசணி, சுரை முதலியவற்றை நடும் பழைய முறையும் சிக்கனமானது.

மரமும் கொடியும் கிழங்கும்

விதைப் பொட்டலத்தில் அடங்குபவை பெரும்பாலும் ஒரு பருவப் பயிர்கள்: தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை. வெற்று மாதத்தைக் கடக்க உதவுபவை பெரும்பாலும் பொட்டலத்தில் அடங்காதவை. முருங்கைக் கிளையைப் பொட்டலத்தில் இட முடியாது. வாழைக்கன்றையும் கோவைக் கொடியையும் கறிவேப்பிலைக் கன்றையும் அஞ்சலில் அனுப்ப இயலாது. ஆயினும் கோடையில் பசுமையாக நிற்பவை இவையே. முருங்கை பங்குனி, சித்திரையில் காய்த்து, தளிர்விட்டு, உணவு தரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியான பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைமூலம் வளர்ந்து விரைவில் காய்ப்பது. தமிழகத்திற்கு வெளியேயும் பரவியுள்ளது. நீண்ட காலம் நிற்கும் மரமே வேண்டுவோர் உள்ளூர் முருங்கையின் கிளையை நடலாம்.

கோவைக்காய் பெண்கொடியின் தண்டிலிருந்து வளர்க்கப்படுவது. ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் காய்க்கும். பரங்கியும் சாம்பல் பூசணியும் மழைக்காலத்தில் கூரையில் ஏறிக் காய்த்து, முற்றியபின் பறித்து வைத்தால், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மஞ்சள் நிறப் பரங்கியில் கரோட்டீன் உண்டு. திருவனந்தபுரத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், செம்மஞ்சள் சதையுடைய சர்க்கரைவள்ளி ரகங்களை உருவாக்கியுள்ளது. பூ சோனா அவற்றுள் ஒன்று. அதன் கிழங்கு குழந்தைகள் விரும்பி உண்ணத்தக்கது.

பழவகைகளில் பப்பாளி முதலிடம் பெறத் தகும். நட்ட ஓராண்டிற்குள் பழம் தரும். ஆண்டின் எல்லா மாதங்களிலும் காய்க்கும். ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக உள்ள ரகமாயின், குழிக்கு இரண்டு மூன்று கன்றுகள் நட்டு, பூத்தபின் ஆண் மரங்களில் சிலவற்றை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்க வேண்டும். இச்செய்தியைச் சொல்லாமல் ஒரு கன்று மட்டும் வழங்கினால், அது ஆண் மரமாகிக் குடும்பத்தின் நம்பிக்கையை ஒரேயடியாகக் குலைத்துவிடும். வேர்ப்பகுதியில் நீர் தேங்கினால் பப்பாளி அழுகும் என்பதையும் கூற வேண்டும்.

நிலம் சற்று மிகுதியாக உள்ள இடத்தில் சிறு பழத்தோட்டமே அமைக்கலாம். குஜராத்தின் வான்ஸ்டா பகுதியில், மணிபாய் தேசாய் நிறுவிய பைஃப் அமைப்பு 1982 முதல் பழங்குடி மக்களிடையே வளர்த்த 'வாடி' முறை இதற்குத் தக்க சான்று. குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் அளவில் மாவும் முந்திரியும் நட்டு, எல்லையில் விறகுக்கும் தீவனத்திற்கும் பயன்படும் மரங்களை வளர்த்து, இடைவெளியில் தானியமும் காய்கறியும் பயிரிடுவது அம்முறை. பத்து மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு நாற்பது மாமரங்கள் நிற்கும். மா பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்குவது இடைப்பயிரே. மரம் நாளைக்கு, கீரை இன்றைக்கு என்று இரண்டையும் சேர்த்து அமைத்தமையாலேயே அம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவலாயிற்று.

விதை எங்கிருந்து?

வழங்கப்படும் விதை எத்தகையது என்பதும் ஆராயத்தக்கது. வீரிய ஒட்டு விதை நல்ல விளைச்சல் தரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போன்ற செடியாக முளைப்பதில்லை. சந்தைக்குப் பயிரிடும் உழவர் ஆண்டுதோறும் விதை வாங்க இயலும். அவருக்கு அதனால் வருவாய் உண்டு. அரை சென்ட்டில் கீரை பயிரிடும் குடும்பம் அடுத்த பொட்டலத்திற்காகக் காத்திருந்தால், திட்டம் நின்ற ஆண்டிலேயே தோட்டமும் நின்றுவிடும். ஆதலின் வீட்டுத் தோட்டங்களுக்கு, விதை எடுத்துவைக்கத்தக்க ரகங்களையே வழங்குதல் முறையாகும். உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை சேமித்து, விதைத்து, பிறருடன் பரிமாறிக் கொள்ளும் உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உறுதி செய்துள்ளது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வகையில் விதை அமைய வேண்டுமன்றோ!

தக்காளி, அவரை, தட்டைப்பயறு முதலியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை உடையவை. அவற்றின் விதையை எளிதில் தூய்மையாக எடுக்கலாம். சுரை, பீர்க்கு, பூசணி முதலியவற்றில் தேனீக்கள் மகரந்தத்தை எடுத்துச் செல்வதால், பக்கத்து வேலியிலுள்ள வேறு ரகத்துடன் கலப்பு நேரும். எவ்வகையாயினும், பழக்கத்திலுள்ள ஒரு தவறு திருத்தப்பட வேண்டும். முதலில் காய்த்த நல்ல காய்களைச் சமைத்துவிட்டு, கடைசியில் எஞ்சிய சூம்பிய காயை விதைக்கு விடுகின்றனர். நோயற்ற, நன்கு காய்த்த செடியை முன்னரே அடையாளமிட்டு, அதன் நல்ல காய்களை முற்றவிட வேண்டும்.

சேமித்த விதையே என்றும் போதும் என்பதும் சரியன்று. ஒருகாலத்தில் நாடெங்கும் பரவியிருந்த பூசா சாவனி வெண்டை, பின்னர் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்கு இரையாயிற்று. அந்நோயைத் தாங்கும் அர்கா அனாமிகாவைப் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அளித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புதுவிதை பெறுவதும், இடைப்பட்ட ஆண்டுகளில் தம் விதையையே பயன்படுத்துவதும் பொருத்தமான வழியாகும்.

பள்ளித் தோட்டமும் விடுமுறையும்

பள்ளித் தோட்டத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. சமவெளியில் பள்ளிகளுக்குக் கோடையில் விடுமுறை. குளிர் மிகுந்த மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் விடுமுறை. அதாவது, தோட்டத்திற்குக் கவனிப்பு மிகுதியாகத் தேவைப்படும் மாதத்தில் பள்ளி பூட்டப்படுகிறது. பிள்ளைகள் திரும்பி வரும்போது காண்பது காய்ந்த பாத்திகளும் ஆடு மேய்ந்த வேலியும் ஆகும். ஓராண்டு உழைத்துக் கற்ற பாடத்தின் முடிவுரையாக இதனையே அவர்கள் நினைவிற் கொள்கின்றனர்.

இதற்கு ஆசிரியர் செய்யத்தக்கவை உண்டு. விடுமுறையைத் தாங்கும் முருங்கை, கறிவேப்பிலை, கொய்யா, நெல்லி ஆகியவற்றைப் பள்ளி நிலத்தின் நிலையான பயிராகக் கொள்ளலாம். பருவப் பயிர்களை விடுமுறைக்கு முன்னரே அறுவடையாகி விதை எடுக்கும் வகையில் காலங்கணித்து விதைக்கலாம். பள்ளியின் நாற்றங்காலில் வளர்த்த ஒரு பப்பாளிக் கன்றையோ முருங்கைக் கன்றையோ ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிற்கு எடுத்துச் சென்று நட்டு, குளித்த நீரை அதற்கு விட்டு, பள்ளி திறந்தபின் அதன் உயரத்தை அளந்து வந்து சொல்லலாம். அளவை, கூட்டல், சராசரி ஆகிய பாடங்கள் அதிலேயே அடங்கும். நூறு பிள்ளைகள் எடுத்துச் சென்ற நூறு கன்றுகளில் நாற்பது பிழைத்தாலும், பள்ளியின் ஐந்து சென்ட் நிலத்தை விட அது பெரிய தோட்டமாகும்.

சில ஆட்சேபங்கள்

சந்தையில் காய்கறி தாராளமாகக் கிடைக்கும்போது வீட்டில் விளைவிப்பானேன் என்பது ஓர் ஆட்சேபம். நகரங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் கையில் காசு குறையும் நாளில் குடும்பம் முதலில் குறைத்துக் கொள்வது காயையும் பழத்தையுமே, அரிசியைக் குறைப்பதில்லை. வேலியிலுள்ள முருங்கை அந்நாளிலும் இலை தரும்.

இரண்டாவது ஆட்சேபம் வலிமை உடையது. வீட்டுத் தோட்டத்தின் உழைப்பு பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது. ஏற்கெனவே வயல் வேலை, சமையல், நீர் சுமத்தல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றால் களைத்தவருக்கு மற்றொரு வேலையைத் தருவது நீதியாகுமா? தோட்டம் அவ்வாறு அமையுமாயின் அதனைத் தொடங்காமலிருப்பதே மேல். அதனால்தான் அளவு சிறிதாகவும், தண்ணீர் அருகிலும், பயிர் நீடித்து நிற்பதாகவும் இருக்க வேண்டும் என வற்புறுத்தப்படுகிறது. குழி தோண்டுதல், வேலி கட்டுதல், பந்தல் போடுதல் ஆகியவை ஆண்களின் பங்காக இருத்தல் வேண்டும். பயிற்சிக்கு ஆண்களை அழைத்துவிட்டு, செடியைப் பெண்களிடம் ஒப்படைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். தோட்டத்தை நடத்துபவர் யாரோ அவருக்கே பயிற்சி உரியது.

குரங்கும் ஆடும் செய்யும் அழிவு மூன்றாவது ஆட்சேபம். ஆட்டுக்கு உயிர்வேலி ஓரளவு தடையாகும். குரங்குத் தொல்லை மிகுந்த ஊர்களில் பழத்தைக் குறைத்து, மண்ணுக்குள் விளையும் சேம்பும் சேனையும் மிகுதியாக நடுவது விவேகமானது. எல்லாத் தொல்லைக்கும் தீர்வு உண்டு என்று வாக்களிப்பதைவிட, உள்ள நிலைக்கேற்பப் பயிரை மாற்றிக் கொள்வதே ஊழியரின் மீது நம்பிக்கையை வளர்க்கும்.

பதிவேட்டில் ஒரு புதிய பத்தி

மேற்கூறியவற்றை நடைமுறைப்படுத்துவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. விதைப் பொட்டலத்திற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒன்றியந்தோறும் நாற்றுப்பண்ணைக்குத் திருப்பி, கன்றும் கிளையும் கிழங்கும் கொடித்தண்டும் வழங்கலாம். வீட்டுத் தோட்டங்களைப் பார்வையிடும் காலத்தை மழைமாதத்திலிருந்து அவ்வூரின் வெற்று மாதத்திற்கு மாற்றலாம். பதிவேட்டில் 'அமைக்கப்பட்ட தோட்டங்கள்' என்னும் பத்திக்கு அருகில், 'இவ்வாரம் தோட்டத்திலிருந்து பறித்து உண்டவை' என்று மற்றொரு பத்தியைச் சேர்க்கலாம். முதல் ஆண்டில் அப்பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அவ்வெறுமையை மறைக்காமல் மேலதிகாரிகளுக்கு அனுப்புவதும் பணியின் ஒரு பகுதியே. எந்த ஊரில் எந்த மாதத்தில் அப்பத்தி வெறுமையாகிறதோ, அங்கு அம்மாதத்திற்கு உரிய மரத்தையோ கொடியையோ கிழங்கையோ முந்தைய மழையிலேயே நட்டிருக்க வேண்டும் என்பதை அது காட்டிக் கொடுக்கும். அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலையும் அதிலிருந்தே தெளிவாகும்.